நாலாவது டியூபில் சந்தனப் பொட்டு

அத்தியாயம் 6

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை ஒன்றின் மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது உஷாராணியின் துப்பறியும் அலுவலகம். லிஃப்ட் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபையரை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்து மேசைமேல் வைத்தான் அவருடைய உதவியாளன் சிரில். நாற்பத்து மூன்று வயதில் மூச்சு வாங்காமல் நிற்பதைப் பார்த்து அவனுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

"ஜிம்முல சேர்ந்தது வீண் போகலை மேடம்," என்றான்.

"நீ ஜிம்முக்குப் போறியா?"

"சேர்ந்தேன்னுதான் சொன்னேன். போனேன்னு சொல்லலையே."

உஷாராணி கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய் விபத்துகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய்ச் சொந்தமாகக் கடை போட்டவர் அவர். கேள்வி கேட்பதைவிடச் சும்மா பார்ப்பதிலேயே அவருக்கு நம்பிக்கை அதிகம். அந்தப் பார்வைக்கு அர்த்தம் என்னவென்று சிரிலுக்கு அப்போது புரியவில்லை. சாயங்காலம் புரிந்தபோது, புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பெட்டியின் சொந்தக்காரன் அஸ்வின் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இருபத்தாறு வயதுப் பையன். 'இடும்பன்' என்ற பெயரில் ஒரு மெட்டல் குழு வைத்திருந்தான். கிட்டாரும் உறுமியும் ஒன்றாகச் சேர்ந்து இடிக்கிற குழு. நாளை மாலை சுங்கை பூலோவில் ஒரு மண்டபத்தில் அவர்களுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஜெர்மனியில் நடக்கும் விழா ஒன்றுக்கு இங்கிருந்து ஒரே ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக நான்கு வருடம் உழைத்தவனுடைய ஆம்ப்ளிஃபையர் பத்து நாளாகச் சளி பிடித்த தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது.

"மிஸ்டர் சிரில்தான் எனக்கு இதைப் பார்த்து வாங்கிக் குடுத்தாரு மேடம்," என்றான் அஸ்வின். "அவருதான் செட் பண்ணாரு. இப்ப அதே பொத்தான், அதே இடம், அதே கிட்டார். ஆனா அந்த சவுண்டு இல்லை."

இரண்டு மாதமாக வாய் நிறைய 'சிரில் அண்ணே' என்று கூப்பிட்ட பையன். அந்த 'மிஸ்டர்' சிரிலுக்குச் சுருக்கென்று தைத்தது.

பையன் சொன்னதில் பொய்யில்லை. உள்ளே கண்ணாடி டியூப்கள் கனன்று ஒலியைப் பெருக்கும் பழைய மாடல் அது. 'வுல்ஃப்ராம் 100' என்று பெயர். அதைத் தேர்ந்தெடுத்ததும், ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதை மெட்டலுக்குப் பழக்கியதும் சிரில்தான். மெட்டல் என்றாலே ஒலியைக் கரகரப்பாக்கும் 'கெயின்' பொத்தானை முழுக்கத் திருப்புவது, நடுத்தர ஒலிகளுக்கான 'மிட்' பொத்தானைச் சுத்தமாகக் குறைப்பது என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தனியாக அறையில் வாசிக்கும்போது அது பிரமாதமாக இருக்கும். டிரம்மும் பாஸும் சேர்ந்ததும் கிட்டார் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். சிரில் நேர்மாறாகச் செய்தான். கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கினான், மிட்டை ஏற்றினான். முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடலை வைத்து, அதன் டிரைவைப் பூஜ்யத்திலும் லெவலை முழுசிலும் விட்டான். கீழ்த்தந்தியை அடித்ததும் அறைக்கதவு அதிர்ந்தது, ஆனாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. அஸ்வின் அன்றைக்கு அழுதேவிட்டான். பொத்தான்களின் நிலையைக் கடிகார மணிக் கணக்கில் வரைந்து பெட்டிமேல் சிரில் ஒட்டிய காகிதம் இன்னும் அப்படியே இருந்தது.

நடந்ததை உஷாராணி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். பெட்டி எப்போதும் கிள்ளானில் அஸ்வினின் வீட்டில்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை, பத்து நாளுக்கு முன், ஒத்திகை முடிந்த ராத்திரி அவன் ஃப்ளாட்டில் லிஃப்ட் கெட்டுப்போயிருந்ததால், ஒத்திகைக்கு இடம் கொடுக்கும் மார்க் அங்கிளின் ஸ்டூடியோவிலேயே விட்டுவிட்டுப் போனான். மறுநாள் காலையில் அங்கிருந்து நேராக, கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவுக்குக் கொண்டுபோனான். அங்கே ஜாபர் அலி என்று ஒரு டெக்னீஷியன். போட்டிக்கு முன் டியூப்களை ஒரு தடவை சரிபார்த்துவிடச் சொன்னது மார்க் அங்கிள்தான். ஜாபர் அலி திறந்து பார்த்துவிட்டு, டியூப்பில் கோளாறு இல்லை, டிரான்ஸ்ஃபார்மர்தான் மட்டம், வாங்கின இடத்தில் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து வாசித்தால் சத்தம் செத்துக் கிடந்தது.

"வாங்கின இடம்னா யாரு? இவருதானே," என்று அஸ்வின் சிரிலின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

சிரிலுக்குச் சந்தேகமே இல்லை. நல்ல டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி வைத்துக்கொண்டு, மட்டமானதை மாட்டி, பழியை வாங்கின இடத்தின்மேல் போட்டிருக்கிறான் அந்த மேருக்காரன். வேறு யார் கைக்குப் பெட்டி போயிற்று? மார்க்கின் ஸ்டூடியோவில் இருந்ததை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மார்க் வீட்டில் இருப்பதும் தன் வீட்டு அலமாரியில் இருப்பதும் அவனுக்கு ஒன்றுதான். பதினேழு வயதில் ஒரே குழுவில் வாசிக்கத் தொடங்கியவர்கள் இருவரும். சிரிலின் மகள் ஷெர்லிக்கு மார்க்தான் ஞானத்தந்தை. இந்த வுல்ஃப்ராமே இருபது வருடம் மார்க்கிடம் இருந்ததுதான். சிரில் கேட்டான் என்பதற்காகப் பையனுக்கு விலைக்கு விட்டுக்கொடுத்தான்.

உஷாராணி எழுந்து பைக்குள் கார்ச் சாவியைத் துழாவினார். முதலில் பெட்டி குடியிருக்கும் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஃபெடரல் ஹைவேயில் அவருடைய பழைய மைவி கார் இருமிக்கொண்டே போனது. சிரில் மார்க்கை ஃபோனில் கூப்பிட்டு நடந்ததெல்லாம் சொன்னான். மறைக்க என்ன இருக்கிறது? மார்க் கொதித்துப்போனான். கடல் தாண்டி வேலைக்கு வந்த அந்த ஊர்க்காரன்களை நம்பக் கூடாது என்று தனக்குத் தெரியும், ஆனாலும் பையனை அங்கே அனுப்பித் தப்பு பண்ணிவிட்டேன் என்று நொந்துகொண்டான்.

"அவன் ஃபேக்டரி பெர்மிட்ல வந்தவன் மச்சான். சைடுல ரிப்பேர் பண்றதுக்கெல்லாம் பெர்மிட் கிடையாது. இமிக்ரேஷன்னு ஒரு வார்த்தை சொல்லு, தானா வாயைத் திறப்பான்."

வைப்பதற்கு முன், ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளைச் சட்டையா நீலச் சட்டையா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை ஷெர்லிக்கு உறுதிபூசுதல். ஆயர் அவள் நெற்றியில் எண்ணெய் பூசும்போது ஞானத்தந்தை பின்னால் நின்று அவள் தோளில் வலது கையை வைக்க வேண்டும். அந்தக் கைக்கு எந்தச் சட்டை பொருந்தும் என்று மார்க் ஒரு மாதமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

கிள்ளான் ஃப்ளாட்டில் அஸ்வினின் அம்மா லெட்சுமி கதவைத் திறந்தார். பள்ளிக்கூட கேன்டீனில் சமைப்பவர். உட்காரச் சொல்லி, மைலோ கலக்கிக் கொடுத்து, அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார். தப்பு யார்மேலும் இல்லை, தன்மேல்தான் என்றார்.

ஆயுத பூஜையன்று வீட்டிலிருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். அரிவாள்மணை, மிக்ஸி, மகனின் மோட்டார் சைக்கிள், கிட்டார். ஆம்ப்ளிஃபையருக்கும் வைக்கத்தானே வேண்டும்? வெறும் பெட்டிக்கு வைத்து என்ன பிரயோஜனம், உள்ளே எரிகிற விளக்குக்கு வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பின்பக்கத்துக் கம்பிவலையைத் திறக்கக் கூடாது, அணைத்து வைத்தாலும் உள்ளே கரண்ட் நிற்கும், ஆளையே கொன்றுவிடும் என்று சிரில் அஸ்வினுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஆகவே வலை ஓட்டை வழியாக ஊதுபத்திக் குச்சியை விட்டு, அதன் நுனியால் பெரிய டியூப்களுக்கு ஒவ்வொன்றாகச் சந்தனம் தொட்டு வைத்தார் லெட்சுமி.

"மூணுக்குத்தான் தம்பி வெச்சேன். நாலாவது, அந்த எச்சரிக்கைத் தகடு இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டிருந்துச்சு. எவ்வளவோ பார்த்தேன், குச்சி போகலை. சரி, சாமி கோவிச்சுக்காதுன்னு விட்டுட்டேன். இப்பப் பாருங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஸ்வின் வாசிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் பின்னால் குனிந்து அந்தப் பொட்டுகளைப் பார்த்துப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வானாம். சூட்டில் சந்தனம் கருகிப் பழுப்பாகிக் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டதாம், இனிமேல் சுரண்டினாலும் போகாதாம்.

படி இறங்கும்போது சிரிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேஸ் முடிஞ்சிடுச்சு மேடம். குற்றவாளி நாலாவது டியூப். பொட்டு வைக்கலைன்னு ஸ்ட்ரைக் பண்ணுது."

உஷாராணி சிரிக்கவில்லை. "மூணு," என்று மட்டும் சொல்லிக்கொண்டு காரை எடுத்தார்.

மேருவில் லோரி டயர் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருந்தார் ஜாபர் அலி. நாகப்பட்டினத்துக்காரர், முப்பது வயது இருக்கும். ஜும்மா தொழுகை முடிந்து தொப்பியைக்கூட எடுக்காமல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஸ்பீக்கருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களை வாங்கண்ணே, வாங்கக்கா என்று வரவேற்று, இருந்த ஒரே நாற்காலியை உஷாராணிக்குத் தள்ளினார்.

சிரில் சுற்றி வளைக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் எங்கே என்று கேட்டான். அவர் புரியாமல் விழித்தார். சிரில் மார்க் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எடுத்து வைத்தான்.

"உங்க பெர்மிட்ல எழுதியிருக்கிற வேலை இது இல்லை. இமிக்ரேஷனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியும்ல?"

ஜாபர் அலியின் கை நின்றது. ஈயக்கோலை மெதுவாக அதன் தாங்கியில் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை, பயம்கூட அதிகம் இல்லை. என்றைக்கோ வரும் என்று எதிர்பார்த்தது வந்துவிட்ட அலுப்புதான் இருந்தது. சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"எது காணாமப் போனாலும் மொதல்ல எங்க ஊர்க்காரனைத்தான் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்ணே. அதனால ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். கழட்டினதும், நான் கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம். படத்துல பொருளைக் கொண்டாந்தவங்க கையும் தெரியணும். அப்புறம்தான் வேலை."

படத்தில் தேதியும் நேரமும் இருந்தன. மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்த இரும்புச் சட்டம் பெஞ்சின்மேல் இருந்தது. டியூப்களும் டிரான்ஸ்ஃபார்மரும் பொருத்தியிருக்கும் அந்தச் சட்டத்தை இவர்கள் சேசிஸ் என்பார்கள். அடியில் நாலு போல்ட்டைக் கழற்றினால் முழுசாகக் கையோடு வந்துவிடும். அதன் ஓரத்தைப் பிடித்திருந்த கையில் இடும்பன் குழுவின் முத்திரை பச்சை குத்தியிருந்தது. சந்தேகமில்லை, அஸ்வினின் கைதான். டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கிக் காட்டினார் ஜாபர் அலி. வந்தபோதே சின்னது. அதைத்தான் அந்தத் தம்பியிடம் சொன்னதாகவும், அவர் நம்பாமல் போனதாகவும் சொன்னார்.

உஷாராணி ஃபோனை வாங்கி சிரிலிடம் நீட்டினார். "பெரிய டியூப் எத்தனை?"

"நாலு."

"பொட்டு?"

"நாலு. வரிசையா அழகா வெச்சிருக்கு. ஒரு டியூப்பையும் விட்டுவைக்க..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான்.

டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். சிரில் படத்தை இன்னும் பெரிதாக்கினான். லெட்சுமி அம்மாவுக்கு எட்டாத நாலாவது டியூபிலும் பழுப்பாகக் கருகிய பொட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

சிரில் காருக்கு வந்ததும் வரிசையாகச் சமாதானம் தேடினான். அம்மா தப்பாக எண்ணியிருக்கலாம் என்றான். பத்து நாளாகத் தூங்காமல் குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருப்பவருக்கு எண்ணிக்கை மறக்காது என்றார் உஷாராணி. அஸ்வினே பிறகு வைத்திருக்கலாம் என்றான். திறந்தால் செத்துப்போவாய் என்று நீதானே அவனை மிரட்டி வைத்தாய் என்றார்.

அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். "இது வேற சேசிஸ். பெட்டி மட்டும்தான் அஸ்வினோடது. மாத்தினவன் அந்தப் பையன் பொட்டைப் பார்த்துக் கும்பிடுறதைப் பார்த்திருக்கான். அதனால தன்னோடதுலயும் பொட்டு வெச்சு, சில நாள் எரிய விட்டுக் கருக்கி, முன்னாடியே தயாரா வெச்சிருந்திருக்கான். ஆனா வெளியிலேர்ந்து பார்க்கிறவனுக்கு மூணுதான் தெரியும். தகட்டுக்குப் பின்னால நாலாவது மொட்டையா இருக்கும்னு அவனுக்கு எப்படித் தோணும்? மேசைமேல நாலும் திறந்து கிடந்துச்சு, நாலுக்கும் வெச்சான்."

மேருவுக்கு வருவதற்கு முன்பே மாறியிருக்கிறது. அதற்கு முன் பெட்டி வெளியே தங்கியது ஒரே ஒரு ராத்திரி.

"அதே மாடல்ல ரெண்டாவது ஒண்ணு யார்கிட்ட இருக்கு சிரில்?"

பதினெட்டு வருடத்துக்கு முன், மேடைக்கு இரண்டு வேண்டும் என்று மார்க் இன்னொரு வுல்ஃப்ராம் வாங்கினான். அதே பெயரில் பின்னால் வந்த மலிவுப் பதிப்பு. முகம் அச்சாக ஒன்று, உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் இரும்பு பாதி. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி இரண்டையும் மாறி மாறிச் சுமந்தவன் சிரில். முதலாவதைத் தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

ஓடலாம். மூன்று மாடிகூட ஏறலாம். மூச்சு வாங்காது.

"காலையிலேயே உங்களுக்குத் தெரியும்," என்றான்.

"அஸ்வின் வீட்டுக்கு அதைத் தூக்கிட்டுப் போன மறுநாள் முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு நீ மூணு நாள் லீவு போட்டே. இன்னிக்கு ஜிம் கதை சொல்றே. உள்ளே மாறிடுச்சுன்னு தெரியும். எங்கே மாறிச்சுன்னுதான் தெரியாது." அவர் சிக்னலில் நின்றார். "மார்க்கா இருக்கலாம்னு நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டான். சண்டை போட்டிருப்பான். காலையிலிருந்து தன் வாயாலேயே மார்க்குக்கு எல்லாத் தகவலும் கொடுத்து, மார்க் சொன்ன வார்த்தையை மார்க் சொன்ன ஆள்மேல் எறிந்துவிட்டு வந்திருக்கிறான். ஜாபர் அலியை மார்க் ஏன் பொறுக்கி எடுத்தான் என்பதும் இப்போது விளங்கியது. யாரிடமும் போய்ப் புகார் சொல்ல முடியாத ஆள். கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்வரை ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஐந்தரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மார்க்கின் ஸ்டூடியோ படியில் கால் வைத்தபோதே மேலிருந்து கிட்டார் சத்தம் கேட்டது. தகர டப்பாவில் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு இரைச்சல். கெயின் முழுசு, மிட் பூஜ்யம். மார்க் சாகும்வரை திருந்த மாட்டான் என்று இருபது வருடமாகக் கேலி செய்த அதே ஒலி. ஆனால் அந்த இரைச்சலுக்கு அடியில், கீழ்த்தந்தியை அடிக்கும்போதெல்லாம், கைப்பிடிச் சுவர் லேசாக அதிர்ந்தது. மலிவு டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பலம் கிடையாது. கதவைத் திறக்கும் முன்பே சிரிலுக்குத் தெரிந்துவிட்டது.

அவர்களைப் பார்த்ததும் மார்க் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். என்ன, அந்த ஆள் ஒத்துக்கொண்டானா என்று கேட்டான். சிரில் பதில் பேசாமல் அவனைக் கடந்துபோய், பின்மூடி இல்லாத மார்க்கின் சொந்தப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஃபோன் விளக்கை அடித்தான். நாலு டியூப்களும் கனன்றுகொண்டிருந்தன.

"எத்தனை?" என்றார் உஷாராணி வாசலில் நின்றபடி.

"மூணு."

நாலாவது டியூப் கழுவின டம்ளர் மாதிரி சுத்தமாக இருந்தது. குனிந்தபடியே சிறிது நேரம் அங்கேயே இருந்தான். நிமிர்ந்தால் மார்க்கின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மார்க் மறுக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து கிட்டாரை மடியிலேயே வைத்துக்கொண்டான். வித்ததைத் திரும்பக் கேட்டால் பையன் கொடுத்திருக்க மாட்டான் என்றான். சிரில் ஏன் என்று மட்டும் கேட்டான். அதற்கு மார்க் சொன்ன பதில்தான் அவனைத் தூக்கிவாரிப் போட்டது.

"இருபது வருஷம் இது என்கிட்ட இருந்துச்சு சிரில். ஒரு நாளும் அப்படிப் பாடலை. நீ அந்தப் பையனுக்கு ஒரே மத்தியானத்துல பாட வெச்சே. இதே ரூம்ல அவன் வாசிச்சப்ப நான் வெளியில நின்னு கேட்டேன். பெட்டிதான் ஏதோ மாறிப்போச்சுன்னு நெனைச்சேன். பெட்டி வந்தா சத்தமும் வந்துடும்னு நெனைச்சேன். வரலை." அவன் பொத்தான்களைப் பார்த்தான். "எனக்கு ஏன்டா நீ சொல்லித் தரலை?"

"சொன்னேன். இருபது வருஷமா சொன்னேன். கெயினைக் குறைடா, மிட்டை ஏத்துடான்னு. நீ ஜோக்குன்னு நெனைச்சே."

சிரிலுக்கு மார்க்மேல் இரக்கம்கூட வந்தது, அதுதான் அவனை இன்னும் எரிச்சல்படுத்தியது. திருடினதைக்கூட மன்னித்துவிடலாம். மேருவில் ஒரு மனிதன் ஈயக்கோலைக் கீழே வைத்த விதத்தை எப்படி மன்னிப்பது? அந்த வார்த்தையைச் சொன்ன வாய் தன்னுடையதாகவும், சொல்லிக்கொடுத்தவன் தன் குழந்தையின் ஞானத்தந்தையாகவும் இருந்தால்?

ஜாபர் அலியை அவனேதான் கூப்பிட்டான். மன்னிப்புக் கேட்டான், சரியாகக் கேட்க வரவில்லை, பாதியில் தடுமாறினான். மறுமுனையில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நாளைக்கு அந்தத் தம்பி வாசிக்க வேண்டும் இல்லையா? அப்படியானால் இப்போதே கிளம்புகிறேன் என்றார்.

அவர் மழையில் நனைந்து வந்து சேர்ந்தபோது ஏழு மணி. அஸ்வினும் வந்துவிட்டான், பெட்டியும் உஷாராணியின் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டது. சூடான டியூப்கள் ஆறும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அஸ்வின் ஒருவரையும் திட்டவில்லை. குனிந்து அந்த மூன்று பொட்டுகளைப் பார்த்துவிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு சிரிலின் பக்கத்தில் வந்து நின்று, "சாரி, அண்ணே," என்றான். சிரில் தலையை மட்டும் ஆட்டினான். பையன் பாதி சரியாகத்தான் சந்தேகப்பட்டான். ஏமாற்றியது வாங்கின இடம்தான்; ஆள்தான் சிரில் இல்லை, அவன் நண்பன்.

ஜாபர் அலி நாலு போல்ட்டையும் கழற்றி, சேசிஸை வெளியே இழுத்து மேசைமேல் வைத்தார். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார்.

"படம் எடுக்கணும்ணே. யாருகிட்டேர்ந்து எடுக்கிறோமோ அவங்க கை தெரியணும்."

மார்க் கிட்டாரை ஓரமாகச் சாய்த்துவிட்டு எழுந்து வந்தான். வலது கையை நீட்டி, கருகிய மூன்று பொட்டுகளுக்குப் பக்கத்தில், இரும்பின் ஓரத்தில் வைத்தான். ஜாபர் அலி இரண்டு படம் எடுத்தார், ஒன்று தெளிவில்லாமல் போனால் இருக்கட்டும் என்று.

சிரில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷெர்லியின் ஞானஸ்நானத்தன்று மெழுகுவர்த்தி பிடித்த கை. பதினான்கு வருடமாக அவளுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் வெட்டிக்கொடுத்த கை.

"ஞாயித்துக்கிழமை..." என்று தொடங்கினான் மார்க், கையை எடுக்காமலே.

"வேணாம்," என்றான் சிரில். "ஷெர்லிகிட்ட நான் எதுவும் சொல்லப் போறதில்லை. ஏன் வரலைன்னு அவ உனக்கு ஃபோன் பண்ணுவா. நீயே சொல்லு."

அவன் பெட்டிமேல் ஒட்டியிருந்த காகிதத்தைச் சரிபார்த்தான். கெயின் பதினொரு மணி, மிட் இரண்டு மணி. பிறகு ஜாபர் அலி பொருத்திக் கொடுத்த வுல்ஃப்ராமை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படி இறங்கினான். ஒரு மாடி இறங்குவதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.